சிறுபாலத்தில் சிக்கிய பூந்தொட்டி

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம்.

போன மழையில் எங்கள் ஊர்க் கடைவீதி முடிகிற இடத்தில், ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற சிறுபாலம் அடைத்துக்கொண்டது. ரோட்டின் மேல் கணுக்கால் வரை தண்ணீர். எதிரே இருக்கும் காய்கறிக் கடைக்காரர் கேரட் மூட்டைகளைத் தூக்கி மேசை மேல் வைத்துக்கொண்டிருந்தார். நான் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவன். ஆனால் பழக்கம் விடுமா? மண்வெட்டி, கடப்பாரை இரண்டையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம், சம்பளமா குடுக்கறாங்க?" என்று வீட்டுக்காரம்மா வாசலில் நின்று கேட்டது கடைவீதி முழுக்கக் கேட்டிருக்கும்.

முதலில் வந்தது சீகை (வாட்டில்) மரத்து இலை. அப்புறம் சேறு, சிப்ஸ் பாக்கெட், தண்ணீர் பாட்டில். பிளாஸ்டிக்குத் தடை உள்ள மாவட்டம்தான் இது, இருந்தாலும் சிறுபாலத்துக்கு அது தெரிவதில்லை. அதற்கும் உள்ளே ஏதோ ஒன்று கடப்பாரை முனையில் மெத்தென்று தட்டியது. கல் என்றால் 'ணங்' என்று கேட்கும், இது அப்படியில்லை. முழங்கை வரை உள்ளே விட்டு, நெம்பி, இழுத்தேன். பூந்தொட்டி! கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, வெள்ளைப் பெயின்ட்டில் 143 என்று நம்பர். உள்ளே பெட்டூனியாச் செடி வேரும் மண்ணுமாக அப்படியே இருந்தது. தொட்டியை எடுத்த மறுநிமிடம் குழாய்க்குள் காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டது. பத்து நிமிடத்தில் ரோடு தெரிந்தது.

அந்தத் தொட்டி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் இது யாரோ ஒரு அதிகாரிக்கும் இந்தக் கிழவனுக்கும் நடக்கிற சண்டையாகிவிடும். நீலகிரியில் ஒரு சிறு நகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடைவீதி நடுவில் சென்டர் மீடியன் கட்டி, செம்மண் கொட்டி, புல்தரை விரித்து, இரண்டு ஓரமும் தொட்டி வைத்திருக்கிறார்கள். காலை நடையில் நானே எண்ணினேன், 212 தொட்டி. வேலை நடந்தபோது ஒரு பலகை வைத்திருந்தார்கள். 'நகரச் சாலை மேம்பாடு மற்றும் அழகுபடுத்தும் பணி' என்று இருந்தது. பணம் மாநிலச் சாலை நிதியிலிருந்து வந்ததாகவும் அதில் போட்டிருந்தது. சாலை மேம்பாடு என்றால் எனக்குப் புரியும். தார், ஜல்லி, கால்வாய், தடுப்புச் சுவர். அந்த 'மற்றும்' என்கிற ஒரு சொல்லில்தான் இத்தனை லோடு செம்மண்ணும் ஏறி வந்திருக்கிறது.

எனக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நான் இன்ஜினீயர் இல்லை, பத்தாவது வரை படித்தவன். 1997-ல் சாலைப் பணியாளராகச் சேர்ந்தேன். 2002 செப்டம்பரில் தமிழ்நாடு முழுக்க ஏறக்குறைய பத்தாயிரம் சாலைப் பணியாளர்கள் வேலை இழந்தோமே, அதில் நானும் ஒருவன். 2006-ல் திரும்ப எடுத்தார்கள். நடுவில் போன 41 மாதத்தைப் பணிக்காலத்தில் சேர்க்கச் சொல்லி எங்கள் ஆட்கள் போராடிய கதை உங்கள் பத்திரிகையிலேயே பல தடவை வந்திருக்கிறது. அதை இங்கே நான் கிளறவில்லை.

ஆனால் அந்த 41 மாதத்தில் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். அப்போது நான் கேரட் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழியெல்லாம் நான் பார்த்துவந்த ரோடுதான். முதல் மழைக்கு மலையோரக் கால்வாயில் பாதி மண் நிறைந்தது. அடுத்த மழைக்கு முழுக்க நிறைந்து, மேலே புல் முளைத்துவிட்டது. தண்ணீருக்குப் போக இடம் இல்லை, ரோட்டைக் குறுக்கே கடந்து பள்ளத்துப் பக்கம் இறங்க ஆரம்பித்தது. மூன்றாவது மழையில் ரோட்டோரம் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். கேரட் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு அதில் விரலை வைத்துப் பார்த்தேன். அந்த வருஷமே ஓரம் முழுக்கப் பிய்த்துக்கொண்டு கீழே தேயிலைத் தோட்டத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு ஆள் இரண்டு நாள் மண்வெட்டி பிடித்திருந்தால் போதும். புதிதாகத் தடுப்புச் சுவர் கட்ட வேண்டியதாகிவிட்டது.

மலை ரோடு எப்படிப் போட்டிருக்கிறது என்பதைச் சமவெளியில் இருக்கும் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். ரோட்டை லேசாக மலைப் பக்கம் சாய்த்துப் போடுவார்கள். தண்ணீர் பள்ளத்துப் பக்கம் போனால் ரோட்டின் கரையை அரித்துவிடும், அதனால்தான். மலையோரக் கால்வாயில் விழுகிற தண்ணீரை அங்கங்கே ஒரு தொட்டியில் சேர்த்து, சிறுபாலம் வழியாக ரோட்டுக்கு அடியில் அந்தப் பக்கம் விடுவார்கள். அவ்வளவுதான் சூத்திரம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இதுதான்.

இப்போது இந்த ரோட்டின் நடுவில் ஒரு முழ உயரத்துக்கு கான்கிரீட் கட்டை வையுங்கள். பள்ளத்துப் பக்கப் பாதியில் விழுகிற மழை எப்படி மலையோரக் கால்வாய்க்குப் போகும்? கட்டையில் முட்டி நிற்கும். அப்புறம் கட்டையை ஒட்டியே இறக்கத்தில் ஓடும். ஓடுகிறபோது மீடியன் மண்ணையும் கரைத்துக்கொண்டு போகும். கட்டை முடிகிற இடத்தில் மொத்தமாகக் கொட்டும். எங்கள் ஊரில் அந்த இடம் சிறுபாலத்துக்கு நேர் மேலே.

வேலை நடக்கும்போதே அங்கே நின்றிருந்த இளம் இன்ஜினீயரிடம் இதைச் சொன்னேன். நல்ல பையன், தென் மாவட்டத்துக்காரர், குல்லாவும் மப்ளருமாக நடுங்கிக்கொண்டு நின்றார். "தம்பி, பத்தடிக்கு ஒரு சந்து விட்டுக் கட்டச் சொல்லுங்க, தண்ணி தாண்டிப் போகட்டும்" என்றேன்.

"சந்து விட்டா மண்ணு வெளிய வந்துரும்ணே" என்றார்.

அவர் சொன்னதும் நூற்றுக்கு நூறு சரி. சந்து விட்டால் மண் வரும், விடாவிட்டால் தண்ணீர் நிற்கும். இரண்டில் எது வேண்டும் என்று கேட்கிற நிலைமைக்கு ஒரு ரோட்டை ஏன் கொண்டுபோக வேண்டும்? "எஸ்டிமேட்ல என்ன இருக்கோ அதைத்தாண்ணே நான் செய்ய முடியும்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் அந்த எஸ்டிமேட் போட்டவர் இந்த ரோட்டில் நடந்து பார்த்திருப்பாரா என்பதுதான் என் சந்தேகம்.

மீடியனில் செடி வைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மேட்டுப்பாளையம் இறங்கி நாலுவழிச் சாலையில் போய்ப் பாருங்கள், நடுவில் வரிசையாக அரளி. அது அழகுக்கு வைத்ததில்லை. இரவில் எதிரே வருகிற வண்டியின் ஹெட்லைட் கண்ணைக் கூசாமல் இருக்க வைத்தது. அரளியை ஆடு மாடு தின்னாது, தண்ணீரும் அதிகம் கேட்காது. யோசித்துச் செய்த வேலை. சாலை நிதியில் அதற்குச் செலவு செய்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. எங்கள் கடைவீதியில் வண்டி போகிற வேகம் இருபதைத் தாண்டாது, தெருவிளக்கு வேறு எரிகிறது. இதில் எந்த ஹெட்லைட்டை முழங்கால் உயரப் பெட்டூனியா மறைக்கப் போகிறது?

இன்னொன்று. முன்பு அந்த ரோட்டில் ஒரு பஸ் நின்றால் இன்னொரு பஸ் ஒதுங்கிப் போகும். இப்போது இரண்டு பக்கமும் ஒற்றை வண்டிப் பாதை. தேயிலைக் கொழுந்து ஏற்றிய லாரி பஞ்சரானால் பின்னால் வருவது அத்தனையும் நிற்க வேண்டும், ஆம்புலன்ஸ் உட்பட. இந்த மலையில் வண்டிகளைத் தாங்க இடம் இல்லை என்றுதானே 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வாங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது? 2025-ல் சீசனுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று கணக்கும் வைத்தது. நீதிமன்றம் வண்டியை எண்ணிக்கொண்டிருக்கிறது, நாம் இருக்கிற ரோட்டிலும் நாலடியைப் புல்லுக்குக் கொடுத்திருக்கிறோம்.

அந்தப் புல்லுக்கு யார் வந்தார்கள் என்று கேளுங்கள். காட்டுமாடு வந்தது. (நீங்கள் பத்திரிகையில் காட்டெருமை என்று போடுவீர்கள், நாங்கள் காட்டுமாடு என்போம்.) ஒருநாள் விடிகாலை ஆறு மணி இருக்கும். சேட்டன் கடையில் டீயும் வர்க்கியும் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். பனி மூட்டத்தில் பெரிய கறுப்புப் பாறை ஒன்று அசைந்து வருகிறது. வெள்ளைக் காலுறை போட்டமாதிரி நாலு கால். நேராக மீடியனில் ஏறி நின்று புல்லை மேய ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் வண்டி நின்றுவிட்டது, ஹாரன் அடிக்க யாருக்கும் தைரியம் இல்லை. அது நிதானமாகத் திரும்பியபோது பின்னங்கால் பட்டு ஏழெட்டுத் தொட்டி ரோட்டில் உருண்டது. "கவர்மென்டு செலவுல அதுக்குக் காலைச் சாப்பாடு" என்றார் சேட்டன். 143-ம் அப்படி உருண்ட தொட்டிகளில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். உருண்டவற்றில் சிலதை யாரோ எடுத்து ஓரமாக வைத்தார்கள், மீதியை மழை எடுத்துக்கொண்டது.

காட்டுமாட்டைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டுத் தோட்டத்துக்கே வருகிற ஜீவன். ரோட்டு நடுவில் புல் விரித்து வைத்தால் வராமல் என்ன செய்யும்?

அப்புறம் உறைபனி. டிசம்பர், ஜனவரியில் ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் செடிகளைக் காப்பாற்ற என்ன பாடு படுகிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். கோத்தகிரி மிலார் செடியை வெட்டி வந்து ஒவ்வொரு நாற்றுக்கும் கூரை மாதிரி மூடுவார்கள், காலையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள். அதற்கென்றே ஆள் இருக்கிறார்கள். 1848-ல் தொடங்கின பூங்கா, பரம்பரையாக வேலை தெரிந்தவர்கள். எங்கள் மீடியனுக்கு மிலார் மூட யார் வருவார்கள்? ஜனவரி இரண்டாவது வாரம் பார்த்தேன், செடி எல்லாம் வேகவைத்த கீரை மாதிரி கிடந்தது. பிப்ரவரியில் குடிதண்ணீருக்கே நாங்கள் குடத்தோடு நிற்கிற நேரத்தில், லாரியில் கொண்டுவந்து மீதிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அதுவும் இரண்டு தடவையோடு சரி. செடி வைக்கப் பணம் இருந்திருக்கிறது, வைத்த செடியை வளர்க்கப் பணம் ஒதுக்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

"சுற்றுலாப் பயணிகள் பூவைப் பார்க்கத்தானே வருகிறார்கள்?" என்று கடைவீதி வியாபாரிகள் சிலர் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். வரட்டும். அவர்கள் பார்க்கத் தாவரவியல் பூங்கா இருக்கிறது, 1995-லிருந்து ரோஜா பூங்கா இருக்கிறது, குன்னூரில் சிம்ஸ் பூங்கா இருக்கிறது. மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கிறது. இதையெல்லாம் பார்த்துக்கொள்ளத் தோட்டக்கலைத் துறை என்று தனியாக ஒரு துறையே இருக்கிறது. கடைவீதியிலும் பூ வேண்டும் என்றால் அந்தத் துறையிடம் கேட்கலாம், நகராட்சி தன் வருமானத்தில் செய்யலாம், வியாபாரிகளே கடைக்கு இரண்டு தொட்டி வைத்துக்கொள்ளலாம். என் மருமகள் தகர டின்னில் வைத்திருக்கிற ஜெரேனியம் மூன்று வருஷமாகப் பூக்கிறது. அவள் டெண்டர் எதுவும் விடவில்லை.

சாலை நிதி அப்படிப்பட்ட பணம் இல்லை. பெட்ரோல், டீசலில் பிடிக்கிற செஸ் என்கிற கூடுதல் வரியில் ஒரு பங்கு சாலைக்கென்று ஒதுக்கி வைக்க 2000-ல் மத்தியில் சட்டமே போட்டார்கள். 2018-ல் அதன் பெயரைச் சாலை மற்றும் உட்கட்டமைப்பு நிதி என்று மாற்றினார்கள். அதில் மாநிலங்களுக்கும் பங்கு வருகிறது. நம் மாநிலம் தன் பட்ஜெட்டிலிருந்து மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை எல்லாவற்றுக்கும் தனியாகப் பணம் ஒதுக்குகிறது. எந்த வழியில் வந்தாலும் அது வண்டி ஓட்டுகிறவன், பஸ்ஸில் போகிறவன் கொடுத்த பணம். என் டிவிஎஸ் எக்ஸெல்லுக்கு நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறபோது நானும் கொடுக்கிறேன். ரோடு நன்றாக இருக்கட்டும் என்றுதான் கொடுக்கிறேன்.

சாலைப் பணத்தில் செடியே வைக்கக் கூடாதா என்றால், கட்டாயம் வைக்க வேண்டும். வைக்கிற இடம்தான் வேறு. ரோட்டு நடுவில் தேவையில்லை, ரோட்டுக்கு மேலேயும் கீழேயும் இருக்கிற சரிவில் வைக்க வேண்டும்.

2009 நவம்பர் 10-ம் தேதியை இந்த மலையில் யாரும் மறக்க மாட்டார்கள். கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். நூற்றுக்கணக்கான இடத்தில் மண் சரிந்தது. ரோடு எங்கே இருந்தது என்றே தெரியாத இடங்கள் உண்டு. நாங்கள் ராத்திரி பகல் பார்க்காமல் மண் வாரினோம். ஒரு இடத்தில் ஜேசிபி வர வழி இல்லாமல் பதினான்கு பேர் வரிசையாக நின்று கையாலேயே சட்டி மாற்றினோம். அப்போது கண்ணால் பார்த்தது ஒன்று. சரிவை வெட்டி மொட்டையாக விட்டிருந்த இடம் சரிந்தது. நூறு அடி தள்ளி, புல்லும் புதரும் அடர்ந்து வேர் பிடித்திருந்த இடம் நின்றது. எல்லா இடத்திலும் அப்படி என்று சொல்ல மாட்டேன், சோலை மரத்தோடு வந்த சரிவும் உண்டு. ஆனால் அநேக இடத்தில் அப்படித்தான்.

இப்போது மலையில் சில இடங்களில் சரிவுக்குள் நீளக் கம்பி அடித்து, வலை விரித்து, அதன் மேல் புல் விதைக் கலவையை மெஷினால் பீய்ச்சியடிக்கிறார்கள். சாயில் நெய்லிங், ஹைட்ரோசீடிங் என்கிறார்கள். முதலில் பார்த்தபோது இதென்ன பச்சைப் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு மழை கழித்துப் போய்ப் பார்த்தால் புல் பிடித்திருந்தது. காலால் உதைத்துப் பார்த்தேன், மண் உதிரவில்லை. இதுதான் சாலைப் பணத்தில் வளர்க்க வேண்டிய பச்சை. மெஷின் போக முடியாத சின்னச் சரிவில் வெட்டிவேர் நடலாம், அதன் வேர் ஆள் உயரத்துக்கு மேலே நேராகக் கீழே இறங்கும். இதற்கு நம்பர் போட்ட தொட்டியும் வேண்டாம், லாரித் தண்ணீரும் வேண்டாம். ஜூன், ஜூலைக் காற்றில் ரோட்டில் விழக் காத்திருக்கிற சீகை மரங்களைப் பார்த்து முன்கூட்டியே வெட்டுவதும் இந்தக் கணக்கில் வர வேண்டிய செலவுதான்.

எங்கள் ஊரிலேயே, மீடியன் முடிகிற இடத்திலிருந்து இரண்டாவது வளைவில், பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஒரு சரிவு மொட்டையாக நிற்கிறது. போன வருஷம் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். தார்ப்பாய் கிழிந்து இப்போது கொடி மாதிரி பறக்கிறது. பிள்ளைகள் அதற்கு அடியில்தான் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். மீடியனுக்கு ஆன செலவில் பாதி போதும் அந்த இடத்துக்கு. நான் மண்வெட்டி பிடித்தவன் கணக்கில் சொல்கிறேன், இன்ஜினீயர் வந்து அளந்து வேறு சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

இனி என்ன செய்யலாம்? மீடியனை முழுக்க இடிக்கச் சொன்னால் அதற்கு ஒரு டெண்டர் போடுவார்கள், எனக்கு அந்த ஆசை இல்லை. பள்ளத்துப் பக்கத் தண்ணீர் தாண்டிப் போகிற மாதிரி அங்கங்கே கட்டையை உடைத்துவிட்டு, உள்ளே இருக்கிற மண்ணை வாரி எடுத்துவிடட்டும். புல்லையும் எடுத்துவிட்டால் காட்டுமாடு தன் வழியில் போகும். தொட்டிகளைப் பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ கொடுத்துவிடலாம், தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிற இடம். அடுத்த மழைக்கு முன்னால் மலையோரக் கால்வாயை ஒரு தடவை வழித்துவிட வேண்டும். கால்வாய் யாருடையது என்பதில் இரண்டு அரசு அலுவலகங்களுக்குள் தகராறு என்று கேள்வி, ரோடு ஒரு அலுவலகத்துடையதாம், சாக்கடை இன்னொரு அலுவலகத்துடையதாம். தண்ணீர் அந்த எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை என்பதை மட்டும் இருவருக்கும் சொல்லிக்கொள்கிறேன். இனிமேல் இப்படி ஒரு எஸ்டிமேட் மேலே போனால், கையெழுத்துப் போடுகிறவர் மழை நாளில் ஒரு மணி நேரம் குடையோடு அந்த ரோட்டில் நின்றுவிட்டுப் போடட்டும்.

143 நம்பர் தொட்டி என் வீட்டு வாசலில் இருக்கிறது. ஸ்டாக் கணக்கில் ஒன்று குறைந்தால் யாரும் பதற வேண்டாம். சேட்டன் கடையில் விசாரித்தால் வீட்டைக் காட்டுவார், வந்து எடுத்துக்கொண்டு போகலாம். செடி பிழைத்துவிட்டது. நேற்று இரண்டு பூ விட்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாலைப் பணியாளர்,
நீலகிரி மாவட்டம்.